ஓவியம், டிசைன் படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே ஆரம்பித்துவிடும் இந்தக் கேள்வி: "பையன் நல்லா வரைவான் சார், டிசைன் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், எங்க சேர்க்கலாம்?" பிள்ளையின் ஆசையை மதித்துக் கேட்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அது மே மாதம். அந்தத் தேதிக்குள் நாட்டின் பெரிய டிசைன் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு எல்லாம் முடிந்திருக்கும்.

முதல் தவறு இதுதான், பெரும்பாலும் திருத்த முடியாத தவறும் இதுதான். ஐ.ஐ.டி-களில் பி.டெஸ் (டிசைன் இளங்கலைப் பட்டம்) படிக்க எழுத வேண்டிய யுசீட் தேர்வு ஜனவரியில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபர் வாக்கிலேயே திறந்துவிடும். அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (என்.ஐ.டி என்பார்கள், திருச்சியில் இருக்கும் இன்ஜினியரிங் கல்லூரி வேறு) முதல்கட்டத் தேர்வு டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ வரும். சென்னை தரமணியில் வளாகம் வைத்திருக்கும் நிஃப்டுக்கு (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) பிப்ரவரி வாக்கில் தேர்வு. ஆக, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே இந்த விண்ணப்பங்களைப் போட்டு முடித்திருக்க வேண்டும். ரிசல்ட் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று இருந்தால் மிச்சம் இருப்பது தனியார் பல்கலைக்கழகங்களும் அரசு நுண்கலைக் கல்லூரிகளும்தான்.

அந்த அரசு நுண்கலைக் கல்லூரிகளிலும் ஒரு குழப்பம் உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம் போடுகிறோம் இல்லையா, அதிலேயே சென்னை, கும்பகோணம் நுண்கலைக் கல்லூரிகளும் வந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வராது. இவை உயர்கல்வித் துறையின் கல்லூரிகளோடு சேர்ந்தவை கிடையாது, கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்குகிறவை. விண்ணப்பம் தனி, தேதி தனி, வரைந்து காட்ட வேண்டிய தேர்வும் தனி. பொதுக் கலந்தாய்வில் பெயர் வரும் என்று காத்திருந்து அந்த வருடத்தையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்துக்களைப் பார்த்து ஏமாறுவது

பி.எஃப்.ஏ, பி.வி.ஏ, பி.டெஸ், பி.எஸ்சி விஸ்காம், பி.ஏ, பி.வோக், பி.ஆர்க்... வரைகிற பிள்ளைக்கு இவை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போய்ச் சேர்ப்பது இரண்டாவது தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு வருடம் கழித்து வரும் சிக்கல் பாதிக்கும் மேல் இங்கேதான் விதைக்கப்படுகிறது.

பி.எஃப்.ஏ (நுண்கலை இளங்கலை) நான்கு வருடப் படிப்பு. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை போன்றவற்றில் கையால் செய்து செய்து கற்கிற படிப்பு. பி.வி.ஏ என்பதும் ஏறக்குறைய அதே வகைதான், புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடத்தில் அந்தப் பெயரில் இருக்கிறது. பி.டெஸ்ஸும் நான்கு வருடம்தான், ஆனால் நோக்கமே வேறு. அங்கே ஒரு நாற்காலியையோ பேருந்து டிக்கெட்டையோ மருத்துவமனைப் பலகையையோ யார் பயன்படுத்துவார், எங்கே திணறுவார், எவ்வளவு செலவில் செய்ய முடியும் என்று யோசிக்கச் சொல்வார்கள். மனதில் தோன்றியதை வரைவேன் என்று பி.டெஸ் போய்ச் சேர்ந்தவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே மூச்சு முட்டும், ஏதாவது ஒரு பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்ற ஆசையோடு பி.எஃப்.ஏ ஓவியத்தில் சேர்ந்தவர்களும் இரண்டாம் வருடத்தில் அப்படித்தான் தவிப்பார்கள். இரண்டில் எது உசத்தி என்ற சண்டைக்கு அர்த்தமே இல்லை, உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பதுதான் விஷயம்.

பி.எஸ்சி விஸ்காம் மூன்று வருடம். நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாகக் கிடைக்கிறது, கட்டணமும் பல இடங்களில் தாங்கக்கூடியதாக இருக்கிறது, அதனால் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது புகைப்படம், வீடியோ, விளம்பரம், கொஞ்சம் கிராஃபிக்ஸ், கொஞ்சம் ஊடகவியல் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிற படிப்பு. ஓவியம் அதில் ஒன்றோ இரண்டோ பேப்பர்தான். விஸ்காம் முடித்துவிட்டு எம்.எஃப்.ஏ போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஜாக்கிரதை, பல பல்கலைக்கழகங்கள் எம்.எஃப்.ஏ-வுக்கு பி.எஃப்.ஏ-வையோ அதற்கு இணையானதையோதான் கேட்கும். எம்.டெஸ் (டிசைன் முதுகலை) என்றால் நிலைமை வேறு. அதற்கான சீட் (CEED) எனும் நுழைவுத் தேர்வை, பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடம் படித்த யாரும் எழுதலாம், பி.காம் படித்தவர்கூட எழுதலாம்.

அப்புறம் பி.ஆர்க். "வரையற பசங்க நாட்டா எழுதணுமாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள், பிள்ளை நாட்டா கோச்சிங்கில் போய் உட்காரும். நாட்டா கட்டடக்கலைக்கான தேர்வு, பி.ஆர்க் ஐந்து வருடம், பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருக்க வேண்டும். பி.டெஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியின் பெயரைப் பார்த்துவிட்டு அங்கே படித்தால் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அங்கே சொல்லித் தருவது கோயில் கட்டுமானம், மரபுச் சிற்பம், மரபு ஓவியம். இந்தியாவில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத படிப்பு, ஆனால் ஆர்க்கிடெக்ட் என்று பதிவு செய்துகொள்ள பி.ஆர்க் வேண்டும்.

நிஃப்டிலும் ஒரு பொறி இருக்கிறது. அதன் டிசைன் படிப்புகளுக்கு எந்தக் குரூப் எடுத்தவரும் வரலாம். பி.எஃப்.டெக் எனும் ஆடைத் தயாரிப்புத் தொழில்நுட்பப் படிப்புக்கு மட்டும் கணிதம் கட்டாயம். "ஃபேஷன் படிப்புக்கு மேத்ஸ் எதுக்கு" என்று பத்தாம் வகுப்பு முடித்ததும் கணிதத்தை விட்டவர்கள் இதில் ஆசைப்பட்டு ஏமாந்ததுண்டு.

நுண்கலைக் கல்லூரி என்றாலே ஓவியத் துறை என்று நினைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னை எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். கைத்தொழிலும் கலையும் சேர்ந்த பள்ளியாகத்தான் அது வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சவுத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த காலத்தில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பெயர் வந்தது, 1966-ல் பணிக்கர் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானதும் அந்தப் பெயர் இன்னும் பரவியது. ஆனால் துணி வடிவமைப்பு, செராமிக் வடிவமைப்பு போன்ற துறைகளும் அங்கே இருக்கின்றன. எல்லாரும் அங்கே இருக்கும் ஓவியத் துறைக்கும் விஸ்காம் துறைக்கும் முட்டி மோதிக்கொண்டிருக்க, இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமலேயே விண்ணப்பத்தில் கடைசியாக எழுதி வைப்பார்கள். திருப்பூர், கரூர், ஈரோடு என்று துணியிலேயே பிழைக்கிற ஊர்கள் இருக்கிற மாநிலத்தில் துணி வடிவமைப்பை இப்படி ஒதுக்குவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பட்டம் யார் கொடுக்கிறார்கள்?

தனியார் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்' என்று காம்ப்ளக்ஸ் மாடியில் நடக்கும் இடங்களுக்குப் போனால் ஏசி வரவேற்பறை, சுவரில் மாணவர்களின் போஸ்டர்கள், கவுன்சலர் என்று ஒருவர். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? "சர்வதேச டிப்ளமோ", "இண்டஸ்ட்ரி சர்டிஃபிகேட்" என்று பதில் சுற்றினால் அது பட்டப்படிப்பு இல்லை என்று புரிந்துகொள்ளலாம். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் அதை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இணையதளத்தில் தேடுங்கள், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அவர்களே வெளியிடுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் இந்த இடத்தில், இந்தப் படிப்பை நடத்த அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிப்ளமோ மட்டும் வாங்கிக்கொண்டு நல்ல வேலையில் இருப்பவர்கள் நிறையப் பேர், கிராஃபிக் டிசைன் ஸ்டுடியோக்கள் போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான், முதலில் பார்க்கும். ஆனால் மேற்படிப்பு, அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் வேலை என்று வந்தால் பட்டம் இல்லாமல் நடக்காது. கல்லூரியில் பாடம் எடுக்கப் பொதுவாக முதுகலைப் பட்டமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது மாநில செட் தேர்வும் வேண்டும், நெட்டில் காட்சிக்கலை என்று தனிப் பாடமே இருக்கிறது.

ஓபிசி சான்றிதழ்

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கைக்கு வந்த இடத்தைக் கோட்டை விடுவது இதில்தான். நம்மிடம் இருப்பது பி.சி, எம்.பி.சி என்று போட்ட மாநிலச் சாதிச் சான்றிதழ். ஐ.ஐ.டி, என்.ஐ.டி, நிஃப்ட் எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள், அங்கே 27 சதவீத ஓபிசி ஒதுக்கீடு கேட்க வேண்டுமானால் மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசி-யில் வசதி படைத்த பிரிவு) வரவில்லை என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் வேண்டும். அது பழையதாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள், அறிவிப்பில் சொல்லியிருக்கும் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஓபிசி என்று டிக் அடித்துவிட்டு, தேர்விலும் தேறிவிட்டு, கலந்தாய்வு நேரத்தில் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைகிற அப்பாக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். விண்ணப்பம் போடும்போதே இதற்கும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

நடிகர் படத்தை வரைந்து தயாராவது

போனில் இருக்கும் படத்தைப் பார்த்து ஒரு முடி விடாமல் பென்சிலில் வரைகிற திறமை சாதாரணமானது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நுழைவுத் தேர்வுகள் அதைச் சோதிப்பதில்லை. யுசீட்டில் மொத்தம் 300 மதிப்பெண்ணில் 200 கணினியில் விடையளிக்கும் முதல் பகுதிக்கு, அதில் உருவங்களைத் திருப்பிப் பார்ப்பது, கவனிப்பது, கணக்கு, தர்க்கம், சுற்றுச்சூழல், கலை பற்றிய பொது அறிவு எல்லாம் வரும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்கிற கேள்விகளும் உண்டு. வரைவதற்கு 100 மதிப்பெண்தான், அதுவும் அவர்கள் சொல்லும் சூழ்நிலையை உங்கள் மனதிலிருந்து வரைய வேண்டும். இன்னொன்று, யுசீட்டை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில்தான் எழுத முடியும். சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று தயாராகாமல் போகிறவர் ஒரு வாய்ப்பை வீணாக்குகிறார்.

நிஃப்டின் டிசைன் தேர்வில் சிச்சுவேஷன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, கொடுக்கிற பொருட்களை வைத்து உட்கார்ந்த இடத்தில் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். வருடம் முழுக்கத் தாளில் மட்டுமே பழகியவருக்கு அன்றைக்கு அட்டையை நேராக வெட்டக்கூட வராது. கம்பி, அட்டை, நூல், பழைய துணி வைத்து வாரத்துக்கு ஒன்றாவது செய்து பழகுங்கள். அரசு நுண்கலைக் கல்லூரிக்குப் போகிறவர் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்து, மூட்டையோடு நிற்கிறவர், டீ ஆற்றுகிறவர், தூங்குகிறவர் என்று நேரில் பார்த்து வேகமாக வரையட்டும். போட்டோ அசையாது, ஆட்கள் அசைவார்கள், கண்ணுக்கு அந்தப் பயிற்சிதான் வேண்டும். கோச்சிங் சென்டரில் சொல்லிக்கொடுத்த அதே கிராமத்துக் காட்சியை எல்லாரும் வரைந்து வைப்பதைத் திருத்துகிறவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சேர்ந்த பிறகு: தியரியில் அரியர்

கேன்வாஸில் கலக்குகிற பையன் பட்டம் வாங்காமல் நிற்பான். விசாரித்தால் கலை வரலாற்றில் அரியர் இருக்கும். விஸ்காமாக இருந்தால் தமிழ்ப் பாடத்தில் இருக்கும், நம்புங்கள். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருடப் பட்டத்துக்குப் பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முக்கியப் பாடம், அதற்கு மேல் சுற்றுச்சூழல், விரிவாக்கப் பணி போன்ற சின்னச் சின்னப் பகுதிகள் இருக்கின்றன. வழக்கமாக எல்லாம் சேர்த்து 140 கிரெடிட். கேமராவில் நூறு எடுத்தாலும் இதில் ஒரு பேப்பர் நின்றால் பட்டமும் நிற்கும். என்.எஸ்.எஸ் கேம்ப் போகாமல் விட்டது, ஒரு கிரெடிட்டுக்கான சின்னப் பேப்பரை மதிக்காமல் விட்டது எல்லாம் கடைசி செமஸ்டரில்தான் கண்ணில் படும். சேர்ந்த வாரமே உங்கள் பாடத்திட்டத்தின் விதிமுறைப் பக்கங்களைப் படியுங்கள், யாரும் படிக்காத அந்த முதல் சில பக்கங்களைத்தான் சொல்கிறேன். வருகைப்பதிவு எவ்வளவு (வழக்கமாக 75 சதவீதம்), உள்மதிப்பீட்டில் தனியாகத் தேற வேண்டுமா, தேர்வைத் தமிழில் எழுதலாமா, இண்டர்ன்ஷிப்புக்கு எத்தனை வாரம், எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நேரக் கணக்கில் செய்கிற தவறு இன்னும் மோசம். இன்ஜினியரிங் ரெக்கார்டை ராத்திரியோடு ராத்திரியாக எழுதி முடிக்கலாம், களிமண்ணை அப்படி மிரட்ட முடியாது. மண்பாண்டம் முழுக்கக் காயாமல் சூளைக்குள் போனால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் வேலையையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் செராமிக் மாணவருக்குக் கெடு என்பது சமர்ப்பிக்கிற நாள் இல்லை, சூளை அடுக்குகிற நாள். எண்ணெய் வண்ணம் அடர்த்தியாகப் பூசினால் காய வாரக்கணக்கில் ஆகும், இரண்டு நாளுக்கு முன் முடித்த படத்தை டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தால் பாதி வண்ணம் பக்கத்தில் நிற்பவர் சட்டையில்தான் இருக்கும். தறியில் பாவு ஓட்டவே நாள் கணக்கில் போகும். டிஜிட்டல் வேலைதானே என்று இருக்கிறவர்களும் தப்ப முடியாது, ஜூரிக்கு (செய்த வேலையை நேரில் வைத்து மதிப்பிடும் குழு) முந்தின நாள் கல்லூரிப் பக்கத்து பிரிண்ட் கடையில் வரிசை தெருவரைக்கும் நிற்கும், அவசரத்தில் அடித்தால் கலர் மாறி வரும்.

ஜூரியில் வாயடைத்துப் போவது

டிசைன் கல்லூரிகளில் முக்கால்வாசி மதிப்பீடு ஜூரி முறையில்தான். வெளியிலிருந்து வந்தவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்க, நீங்கள் செய்ததை வைத்துவிட்டுப் பேச வேண்டும். இங்கே எல்லாரும் செய்வது முடிந்த பொருளை மட்டும் பளபளவென்று கொண்டுவந்து வைப்பது. அவர்கள் கேட்பது வேறு: ஏன் இந்த வடிவம், இதற்கு முன்னால் என்னென்ன முயற்சி செய்தாய், எதைக் கைவிட்டாய், யாரிடம் கொடுத்துப் பார்த்தாய்? கிறுக்கல்கள், தோற்றுப்போன மாதிரிகள், எடுத்த குறிப்புகள் எல்லாவற்றையும் தேதி போட்டு வைத்திருப்பவர் தைரியமாக நிற்பார். பின்டரெஸ்ட்டில் பார்த்ததையோ செயற்கை நுண்ணறிவு போட்டுக்கொடுத்த படத்தையோ தன்னுடையது என்று வைத்தவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டுவார். அவற்றைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை, எங்கே பார்த்தேன், எதை எடுத்தேன், எதை மாற்றினேன் என்று சொல்லிவிட்டால் ஜூரி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து ஜூரியில் நான்கு வரியோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கும். எழுதி மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைவிட, தமிழும் ஆங்கிலமும் கலந்து தெளிவாகச் சொல்வது எவ்வளவோ மேல். மத்திய நிறுவனங்களில் ஜூரிக்கு வருபவருக்குத் தமிழ் தெரியாது, அங்கே போகிறவர்கள் நண்பர்களிடம் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டுப் போங்கள். படமும் அளவும் போட்ட ஒரு தாள் கையில் இருந்தால் பாதிப் பேச்சை அதுவே பேசிவிடும்.

காசு விஷயம்

கட்டணத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு பொருட்செலவை மறப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அரசு நுண்கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் வண்ணம், கேன்வாஸ், பிரஷ், பிளாஸ்டர் என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். நிஃப்டில் நான்கு வருடக் கட்டணமே பத்து லட்சத்தைத் தாண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது, நுண்கலை படிப்பவர்கள் இது நமக்கு இல்லை என்று விண்ணப்பிக்காமலேயே விடுகிறார்கள், கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொரு பக்கம், சேர்க்கைக் கடிதம் வந்த உடனே கடன் வாங்கி லட்ச ரூபாய் லேப்டாப் வாங்குவது. அடிப்படை வருடம் எனும் முதல் வருடம் பெரும்பாலும் கைவேலைதான், எந்த மென்பொருள், எந்த அளவு மெஷின் என்று இரண்டாம் வருட சீனியர்களிடம் கேட்டு அப்புறம் வாங்கினால் போதும்.

கடைசி வருடத்தில் நடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்.ஐ.டி மாதிரி இடங்களில் இறுதி புராஜெக்டை ஒரு நிறுவனத்தில் செய்து, ஆவணம் எழுதி, ஜூரி முன் வைத்துத் தேறினால்தான் பட்டம். புராஜெக்ட் செய்த இடத்திலேயே வேலை கிடைத்துவிடும், சம்பளமும் வர ஆரம்பித்துவிடும், ஆவணத்தை அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போடுவார்கள். வேலை மாறும்போதோ வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதோ பட்டச் சான்றிதழைக் கேட்பார்கள், அப்போது பழைய கோப்புகளைத் தேடினால் பாதி இருக்காது, புராஜெக்டைப் பார்த்துக்கொண்ட அதிகாரி வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், அந்த வேலையை வெளியில் காட்ட நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் வாங்கியிருக்க மாட்டீர்கள். அந்தக் கடிதத்தை அங்கே வேலை செய்யும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆவணத்தையும் சம்பளம் வந்த முதல் மாதத்திலேயே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.